அத்தையின் பெயர் எழுதிய குழாய்

பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில், எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் நான் இரண்டு முறை போய்க் கதவைத் தாழிட்டேன். முதல் முறை எனக்காக. இரண்டாம் முறை என் மாமியாருக்காக.

அரியலூரில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி மையம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை வருவதற்கு முன்பே கண்டுபிடிக்கும் வேலையை எங்கள் பக்கத்துக் கிராமங்களில் செய்துகொண்டிருந்தது. சில ஊர்களில் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் நர்சிடம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சில ஊர்களில் வீட்டிலேயே தாங்களாக மாதிரி எடுத்துக் கொடுத்துவிடலாம். எந்த வழியில் அதிகப் பெண்கள் வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் எங்கள் ஊர் இரண்டாவது வகையில் விழுந்தது.

மையத்திலிருந்து வந்த பெண்ணின் பெயர் தமிழ்மொழி. இருபத்தைந்து வயது இருக்கும். ஸ்கூட்டியில் வந்து, மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு நீளமான பஞ்சுக் குச்சியைத் தூக்கிக் காட்டினாள்.

"காது குடையுற குச்சி மாதிரிதான், கொஞ்சம் நீளம். உள்ள விட்டு நாலு சுத்து சுத்தி, இந்தக் குழாய்ல போட்டு மூடிக் குடுத்தா போதும். புற்றுநோய உண்டாக்குற கிருமி இருக்கா இல்லையான்னு சொல்லிருவாங்க."

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். குழுவின் தலைவி என் மாமியார் கலியம்மாள். அவர் சிரிக்கவில்லை.

"புள்ள பெத்தவளுவதானே எல்லாரும்? இதுல என்னடி வெக்கம்? வர்ற வியாழக்கெழம ஒருத்தி பாக்கியில்லாம குடுக்கணும்."

"அக்கா, மொதல்ல நீங்க குடுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவலன்னா நாங்க குடுக்கறோம்" என்றாள் எதிர்வீட்டு சத்யா.

"ஏன், குச்சி என்னைக் கடிச்சிருமா?" என்றார் அத்தை. அப்போதுதான் கூட்டம் முழுக்கச் சத்தமாகச் சிரித்தது. எல்லோரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து அத்தையுடையது.

அந்த வியாழக்கிழமை அத்தை மஞ்சள் புடவையில் இருந்தார். செட்டிகுளம் முருகனுக்குப் பங்குனி உத்திரத்தன்று பால்குடம் எடுப்பதற்காக மாலை போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. நான் என் குழாயைப் பையில் வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தபோது, அவர் தன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நர்மதா, மாலை போட்டுக்கிட்டு இதெல்லாம் செய்ய முடியாது. நீயே இதையும் எடுத்துப் போட்டுரு."

எனக்கு முதலில் புரியவில்லை. "உங்களுக்கு நானா எடுத்து விடணும் அத்தை?"

"சீ! உன்னோடதையே ரெண்டுலயும் போடுன்னு சொல்றேன்."

"திருவிழா முடிஞ்சப்புறம் குடுக்கலாமே."

"நாலு மணிக்கு அந்தப் பொண்ணு வந்துரும். ஊரையே குடுக்கச் சொல்லிட்டு தலைவி குடுக்கலன்னா, அவளுக்கு என்னமோ இருக்கு, அதான் மறைக்கறாம்பாளுவ. போ, போயிட்டு வா."

நான் ஏன் போனேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பயந்து போனேன் என்று சொன்னால் சுலபமாக இருக்கும். அது உண்மையில்லை. அத்தை என்னை அதட்டுகிறவர் அல்ல. திருமணமாகி வந்த பதினோரு வருடத்தில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. தண்ணீரைக்கூடத் தானே மொண்டு குடிப்பார். தலைவலி வந்தால் தானே கஷாயம் வைத்துக்கொள்வார். ஒன்றும் கேட்காதவரின் வீட்டில் இருப்பது, வாடகைக்கு இருப்பதுபோல. யாரும் போகச் சொல்வதில்லை. அதே சமயம் யாருக்கும் நாம் தேவையும் இல்லை. அன்று முதன்முதலாக அவர் ஒன்று கேட்டார், அதுவும் இன்னொருவரிடம் சொல்லவே முடியாத ஒன்றை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் போய்க் கதவைத் தாழிட்டேன்.

கலியம்மாள், 54 என்று ஒட்டியிருந்த குழாய்க்குள் என்னுடையதைப் போட்டு மூடினேன். நான்கு மணிக்குத் தமிழ்மொழி வந்து இரண்டையும் வாங்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டாள்.

இருபது நாள் கழித்து என் போனுக்கு அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன. அத்தையின் படிவத்திலும் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். இரண்டிலும் பெயர் மட்டும் வேறு. தங்கள் மாதிரியில் கிருமி காணப்படவில்லை. நான் இரண்டாவதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன்.

"எனக்கா?" என்றார்.

"உங்க பேருக்கு."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். விளையாட்டுக்கு என்றுதான் நினைத்தேன். மறுநாள் குழுக் கூட்டத்தில், "எனக்கு ஒண்ணுமில்லன்னு வந்துருச்சு. இன்னும் குடுக்காதவளுவ குடுத்துருங்கடி" என்று அவர் சொன்னபோதும், தலைவியாகப் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

சித்திரை கடைசியில் ஒரு நாள், கோழி முட்டை தேடிக் கொல்லைப்பக்கம் போனேன். வைக்கோல் போருக்குப் பின்னால், வேலியில், பழைய வேட்டியைக் கிழித்த துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. நன்றாகத் துவைத்திருந்தும் நடுவில் கறை போகவில்லை. அந்த வீட்டில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். என்னுடையது அல்ல. அத்தைக்கு நின்று ஆறு வருடம் ஆகிறது.

அதைப் பார்த்ததும் என் மனதில் முதலில் வந்த எண்ணத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஐயோ, அத்தைக்கு என்ன ஆயிற்றோ என்பது இல்லை. என்மேல் வந்துவிடுமே என்பதுதான். அந்தக் குழாயில் நான் என்னுடையதைப் போட்ட நிமிடத்திலிருந்து அத்தையின் உடம்புக்கு நானே நற்சான்று கொடுத்தவளாகிவிட்டேன். நாளைக்கு ஏதாவது என்றால் என் புருஷன் அழகேசன் என் முகத்தை எப்படிப் பார்ப்பார்? அத்தையைப் பற்றிய பயம் இரண்டாவதாக, அந்த வெட்கத்துக்குப் பின்னால்தான் வந்தது.

சாயங்காலம் அத்தை தனியாக இருந்தபோது கேட்டேன். "அத்தை, எத்தனை நாளா படுது?"

அவர் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை நிறுத்தவில்லை. "சூட்டு ஒடம்பு. வெயில் காலத்துல அப்படித்தான்."

"எத்தன நாளா?"

"மாசிலேருந்து. எப்பவாச்சும்."

மாசி. அப்படியென்றால் மாலை போடும் முன்பே. விரதம் உண்மைதான், ஆனால் அந்தக் குச்சியைத் தொடாமலிருக்க அவருக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கிறது.

"டாக்டர்கிட்ட காட்டணும் அத்தை."

"எதுக்கு? டெஸ்ட்டுலதான் ஒண்ணுமில்லன்னு வந்துருச்சே."

நான் அவரையே பார்த்தேன். "அது என்னோடது அத்தை."

"பேரு என்னோடதுதானே போட்டிருந்துச்சு?"

அவர் விளையாடவில்லை. அவர் கண்ணில் கோபமும் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. தன் பெயருக்கு வந்த நல்ல செய்தியை அவர் இத்தனை நாளாகத் தன் உடம்புக்குப் போர்த்திக்கொண்டிருக்கிறார். நடந்தது அவருக்கும் தெரியும், தெரிந்தும் நம்பிவிட்டார். நான் அதைக் கேலி செய்யமுடியாது. கறையைப் பார்த்த பிறகும், எதுவும் இருக்காது என்று நானும் மத்தியானம் முழுக்க எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"யார்கிட்டயும் சொல்லாத நர்மதா. அழகேசன்கிட்டகூட. குழுவுல மூஞ்சி காட்ட முடியாது" என்றார்.

எட்டு நாள் சொல்லாமல் இருந்தேன். அந்த எட்டு நாளும் அத்தை என்னிடம் முன்பைவிட அன்பாக இருந்தார். என் தட்டில் தானே குழம்பு ஊற்றினார். இவ்வளவு காலம் வேண்டியிருந்த அன்பு, வாயைத் திறக்காமல் இருப்பதற்குக் கூலியாக வந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் சாக்கில் வரப்புக்குப் போய்த் தமிழ்மொழிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அக்கா, இந்த மாதிரி இன்னும் எத்தன பேரு?"

"எனக்குத் தெரிஞ்சு நாங்க மட்டுந்தான்."

"உங்க ஊர்ல மட்டும் இருநூத்திப்பத்து குழாய் அக்கா" என்றாள். குரல் அழுவதுபோல இருந்தது. பிறகு சுதாரித்துக்கொண்டாள். "சரி, அத நான் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். அது என் பாடு. நின்னப்புறம் ரத்தம் படுதுன்னு சொல்றீங்க இல்ல, அதுக்கு இன்னொரு குச்சியெல்லாம் வேணாம். நேரா டாக்டர் பாக்கணும். நாளைக்கே வரேன்."

அவள் வந்தபோது அத்தை வாசலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கூட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"காட்டிக் குடுத்துட்டியாடி?"

தமிழ்மொழி திண்டாடினாள். "அம்மா, உங்களத் திட்ட வரலம்மா…"

"நீ என்னடி என்னைத் திட்டறது? தப்பு செஞ்சது நானு. இவள செய்ய வெச்சதும் நானு." தீனிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். புடவைக் கொசுவத்தை உதறிவிட்டார். பிறகு, "அரியலூருக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்றார்.

பெரம்பலூரில் இறங்கி வேறு பஸ் மாறினோம். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போனது. வழி முழுக்க அத்தை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். மையத்தில் டாக்டர் ஜெயசித்ரா அவரிடம், "மருமக உள்ள இருக்கட்டுமா, வெளிய இருக்கட்டுமா?" என்று கேட்டார். அத்தை, "இருக்கட்டும். இவளுக்குத் தெரியாதது என்ன இருக்கு?" என்றார். அதில் எவ்வளவு கசப்பு, எவ்வளவு சம்மதம் என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் உள்ளே மருந்து தடவி, கருவியின் வழியாகப் பார்த்தார். பக்கத்துத் திரையில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. ஒரு நிமிடத்தில் அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு எழும்பி வந்தது. அத்தை மேலே விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். உதறவில்லை. பிடிக்கவும் இல்லை.

"சின்னதா ஒரு சதை தொங்குது, அத எடுத்துட்டேன். ரத்தம் அதுலேருந்து வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். "வெள்ளையாத் தெரியுதே, அங்கேருந்தும் துளி கிள்ளி எடுத்திருக்கேன். ரிப்போர்ட் வர ரெண்டு வாரம் ஆகும். வந்தாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

அன்று இரவு அழகேசனிடம் நானே சொன்னேன், குழாய் விஷயம் உட்பட. அவர் என்னைத் திட்டவில்லை. அம்மாவிடம் போய் நின்று, "ஏம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு டிராக்டர் பக்கம் போய்விட்டார்.

அந்த இரண்டு வாரமும் அத்தை என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. ஆனால் எனக்கு ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தார். "பம்புசெட் ரூம் சாவி மாடத்துல இருக்கு." "நல்ல நாள்ல சாமிக்குப் படைக்கற தாம்பாளம் பரண்ல, சாக்குக்கு அடியில." "பட்டா நகல் பச்சைப் பெட்டியில." நான் தலையாட்டினேன். ஒருநாள் பரணிலிருந்து தாம்பாளத்தை இறக்கியே காட்டினார். எனக்குத் தாங்கவில்லை.

"போதும் அத்தை. உங்களுக்கு வேணுங்கறப்ப நீங்களே எடுங்க."

"எடுக்க நான் இருக்கணுமே."

"இருப்பீங்க."

"நீ என்ன, இன்னொரு குழாய் வெச்சிருக்கியா?" என்றார்.

சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதே அழுகை வந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல், தாம்பாளத்தைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். "பயமா இருந்துச்சு நர்மதா" என்றார். "குச்சிய விட்டா என்ன சொல்லுவாங்களோன்னு. விரதம்னு சொன்னது பொய்யில்ல. ஆனா விரதம் இல்லன்னாலும் வேற ஏதாச்சும் சொல்லியிருப்பேன்."

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் ஜெயசித்ரா ஒரு தாளில் படம் போட்டார்.

"கர்ப்பப்பை வாய மூடியிருக்கற தோலு செதில் செதிலா அடுக்கி இருக்கும்மா. உங்களுக்கு அந்த அடுக்கு முழுக்க ஒழுங்கு மாறியிருக்கு. ஆனா அடுக்குக்குக் கீழ எறங்கல. எறங்கினாத்தான் அது புற்றுநோய். இது அதுக்கு முந்தின படி."

அத்தை அந்தப் படத்தைக் கூர்ந்து பார்த்தார். "செவ்வழுகல் வந்த கரும்ப பக்கத்துத் தூருக்குப் பரவறதுக்குள்ள பறிச்சுப் போட்டுருவோமே, அந்த மாதிரியா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "எங்கள விட நல்லாச் சொல்றீங்க. அந்த எடத்த மட்டும் வழிச்சு எடுத்துருவோம். மரத்துப்போக ஊசி போடுவோம். சாயங்காலம் வூட்டுக்குப் போயிரலாம்."

"இத இப்படியே விட்டிருந்தா?"

"சில பேருக்கு ஒண்ணும் ஆகாது. பல பேருக்கு வருஷம் போகப் போக உள்ள எறங்கும். யாருக்கு எறங்கும்னு முன்கூட்டியே எங்களால சொல்ல முடியாது."

அந்த வாரமே எடுத்தார்கள். எடுத்த துண்டையும் சோதனைக்கு அனுப்பினார்கள். ஆனி நடுவில் கடைசி ரிப்போர்ட் வாங்க நான்காம் முறையாகப் போனோம். டாக்டர் தாளைப் பிரித்தார். அவர் படிக்கும் அந்தச் சில நொடிகளில் நான் அவருடைய புருவத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுருங்கவில்லை.

"ஓரம் சுத்தமா இருக்கு. எதுவும் மிச்சம் இல்ல. புற்றுநோயும் இல்ல. ஆறு மாசம் கழிச்சு வந்து கிருமி போயிருச்சான்னு காட்டிட்டுப் போங்க. அப்புறமும் நான் சொல்றப்ப வந்துரணும்."

அத்தை நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குத்தான் முதுகு தளர்ந்தது. ஒன்றரை மாதமாக நான் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டுக்கொண்டிருந்தேன் என்பது, முழுதாக விட்டபோதுதான் தெரிந்தது.

வெளியே தமிழ்மொழி காத்திருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஓடிவந்து அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு வேலைக்கு ஒண்ணும் பங்கம் வரலியே?" என்று அத்தை கேட்டார்.

"அதெல்லாம் இல்லம்மா. உங்க ரெண்டு பேரு குழாயையும் கணக்குலேருந்து எடுத்துட்டாங்க. அப்புறம் ஊர் ஊரா மறுபடி போய்க் கேட்டோம். வேற ஊர்கள்ல இன்னும் மூணு பேரு இப்படிப் பண்ணியிருக்காங்க. ஒரு பொண்ணு அக்காளோடத வாங்கிப் போட்டிருக்கு. மூணு பேருகிட்டயும் புதுசா வாங்கியாச்சு." அவள் பையிலிருந்து புதுப் படிவத்தை எடுத்துக் காட்டினாள். "இப்ப ஒரு கேள்வி சேத்திருக்காங்க, பாருங்க. மாலை, விரதம், வீட்டு விலக்கு இருக்கா, இருந்தா எந்தத் தேதிக்கு மேல வரலாம்னு. படிச்சவங்க இத்தன பேரு உக்காந்து யோசிச்சும் இது யாருக்கும் தோணல."

"உங்களுக்கு எப்படித் தோணும்? நாங்கதான் வாயத் தொறக்கலியே" என்றார் அத்தை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். அத்தைக்கு மூன்று பேர் சீட்டில் ஓரத்தில் இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அத்தைக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். மடியில் கத்திரி நாற்றுக்கட்டு வைத்திருந்தாள். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி முடித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னார். ரத்தம் பட்டதை, மாலை போட்டதை, குச்சியை, திரையில் தெரிந்த வெள்ளையை. குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. முன் சீட்டில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அப்ப அந்தக் குழாய்ல என்னத்தப் போட்டீங்க?" என்றாள் நாற்றுக்கட்டுக்காரி.

"இவளோடத" என்று அத்தை என் இடுப்பில் விரலால் குத்தினார். "என் மருமவ. செய்யின்னேன், மறுபேச்சு பேசாம செஞ்சா. அப்புறம் யார்கிட்டயும் சொல்லாதன்னேன். அத மட்டும் கேக்கல."

"நல்லவேள கேக்கல" என்றாள் அந்தப் பெண். பிறகு நாற்றுக்கட்டை மடியில் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் தயங்கி, அத்தையின் காதருகே குனிந்தாள். "எனக்கும் அப்பப்ப ஒரு மாதிரி இருக்குங்க. அங்க போனா நாம சொல்றதக் காது குடுத்துக் கேப்பாங்களா?"

அத்தை இப்போதுதான் குரலைத் தாழ்த்தினார். அடுத்த நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கி எனக்கு இடம் கிடைத்தபோதும், அவர்கள் இருவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.